கழற்றக் கூடாத கல்

மாதா கோவிலின் நிலவறைக் கூடத்தில் அன்று நாற்காலி போதவில்லை. பிங்கோ ஆட்டத்துக்குக்கூட அப்படிக் கூட்டம் சேர்ந்ததில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் சிறுவயதில் தியோலிந்தாவோடு ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். மீதிப் பேருக்கு, அவர்கள் அடைக்கல மாதா பள்ளியில் படித்த காலத்தில், மதியச் சாப்பாடு பரிமாறியவளே அவள்தான். அவ்வளவு பழக்கம் இருந்தும், அவள் பேச எழுந்ததும் பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பிடித்தாள். பள்ளிக்கூடம் மூடி ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதை நடத்திய ஆயரின் மறைமாவட்டம் பூட்டுப் போட்டதோடு சரி. உள்ளே புறாக்கள் குடித்தனம் நடத்தின. வீட்டுவசதிச் சங்கம் அதை வாங்கி, சுவரை இடிக்காமல் வகுப்பறைகளை வீடுகளாக்கி, மீன் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லங்களிலும் உழைக்கிறவர்கள் கட்டக்கூடிய வாடகைக்கு விட நினைத்தது. நாற்பது வீடுகள். சங்கத்தின் குழுவில் இந்தப் பேட்டைக்காரி என்று சொல்ல இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"யாரு வந்து குடியிருப்பா? அத மொதல்ல சொல்லு!"

"வேலைக்குப் போறவங்க."

"எந்த நாட்டு ஆளுங்க?"

கூடம் சிரித்தது. தியோலிந்தா கேட்டவனைத் தேடிப் பிடித்து அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஒங்கப்பா சான் மிகேல் தீவுலேர்ந்து மூட்டையோட அமெரிக்காவுல வந்து எறங்கினப்ப, முன்னாடியே வந்திருந்த அயர்லாந்துக்காரனும் இதத்தான் கேட்டான். அவன் கேட்டது தப்புன்னு ஒங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

"காசு வாங்கினவளே, உக்காரு!"

அப்போது ஜில்பெர்த்தோ ஃபுர்த்தாடோ எழுந்தான். சத்தம் தானாக அடங்கியது. காப்பீட்டு அலுவலகம் வைத்திருப்பவன். தகப்பன் விட்டுப்போன மூன்று மாடி மரவீடுகள் பேட்டையில் தெருவுக்கு ஒன்றாவது அவனுக்கு உண்டு. சனிக்கிழமை தோறும் பளபளக்கும் சப்பாத்து போட்டுக்கொண்டு வாடகை வாங்க அவனே படியேறுவான். சங்கத்தின் நாற்பது வீடும் வந்துவிட்டால் அவனுடைய படிகளில் பாதி காலியாகும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

"தியோலிந்தாவ யாரும் திட்டாதீங்க," என்றான் மெதுவாக. "அவளுக்குத் துக்கம். மகன் போனதுலேர்ந்து அவ மனசு ஒரு நெலையில இல்ல. ஒரு வீட்டுல போன உசிர நாப்பது வீட்டுல தேடறா. பாவம்."

அந்தப் 'பாவம்' அவள் முகத்தில் எச்சில் போல விழுந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஆனா பள்ளிக்கூடத்த விட்டுக் குடுக்க முடியாது," என்று குரலை உயர்த்தினான். "வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்கள்னு அரசாங்கத்துல ஒரு பட்டியல் இருக்கு. நம்ம பள்ளிய அதுல ஏத்தப் போறோம். ஏத்திட்டா ஒரு செங்கல்லத் தொட முடியாது. ஆணி அடிக்க முடியாது. நாப்பது சமையலறையாம்! ஒரு குழாய் போடட்டும், பாத்துடலாம்."

கைத்தட்டலில் மேலே தொங்கிய விளக்குகள் அதிர்ந்தன. எல்லோரையும்விட உரக்கத் தட்டியவள் நத்தாலியா. தியோலிந்தாவின் செத்துப்போன கணவன் அக்னேலோவுக்குக் கூடப்பிறந்த தங்கை.

சங்கத்தின் பண விவகாரங்களைப் பார்ப்பவள் இவோன். கேப் வெர்டித் தீவுக்காரர்கள் வீட்டுப் பெண். சூடாகப் பேசத் தெரியாதவள்; தியோலிந்தாவை மரியாதையாக 'தோனா' என்பாள். கூட்டம் முடிந்து காரில் ஏறியதும் அவள் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இரண்டு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போயிற்று என்று அழுகிறாள் என நினைத்து தியோலிந்தா அவள் முதுகைத் தடவினாள். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, இவோன் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தோனா, அந்தாளு என்ன செய்யறாருன்னு அவருக்கே தெரியல."

"எனக்கும்தான் தெரியல. சொல்லிட்டுச் சிரி."

"நமக்குப் பணத்துல எங்க இடிக்குது? இந்தக் கொறஞ்ச வாடகைக்கு எவ்வளவு கடன் தாங்குமோ அவ்வளவுதான் பேங்க் தருது. நகராட்சி கொஞ்சம், மாநிலம் கொஞ்சம். அப்பறமும் நடுவுல ஒரு பள்ளம் நிக்குது. அத அடைக்க வழியில்லாமத்தான் ரெண்டு வருஷமா அல்லாடறோம்."

"அதுக்கும் பட்டியலுக்கும் என்ன?"

"அந்தப் பட்டியல்ல ஏறின கட்டடத்த, அதோட லட்சணம் கெடாம பழுது பாத்து உபயோகத்துக்குக் கொண்டு வந்தா, வரியில பெரிய சலுகை உண்டு. நம்ம சங்கம் வரி கட்டறதில்ல, நமக்கு அது வேண்டாம். வரி கட்டற ஏதாவது பெரிய கம்பெனி அந்தச் சலுகைய எடுத்துக்கிட்டு, பதிலுக்கு நம்ம கட்டடத்துல பணம் போடும். பள்ளம் மூடிடும்."

"ஆணி அடிக்கக் கூடாதுன்னானே?"

"அப்படி ஒண்ணுமே இல்ல. சொந்தக் காசுல மொத்தமா இடிச்சுத் தள்ளினாக்கூட அந்தப் பட்டியல் ஏன்னு கேக்காது. சலுகை வேணும்னாதான் கட்டுப்பாடு. பேரக் கேட்டுட்டு இவராவே ஏதோ நெனச்சுக்கிட்டாரு."

தியோலிந்தா மடியிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினாள். பிறகு கேட்டாள்.

"நாமளே முன்னாடி கேட்டோமே, இல்லைன்னுட்டாங்களே?"

கேட்டது உண்மைதான். பாஸ்டனிலிருந்து வந்த அதிகாரி கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது சாதாரணப் பள்ளிக்கூடம், முகப்புக் கூடம் ஒன்றுதான் விசேஷம், அதுவும் பழையபடியே இருக்கிறதா, பிற்பாடு மாற்றியதா என்பதற்குச் சான்றில்லை என்று எழுதிவிட்டார். சான்று எல்லாம் பேட்டைக்காரர்களின் அலமாரிகளில் இருந்தது. சங்கத்துக்கென்று கேட்டபோது ஒரு வீட்டிலும் ஒரு படம் கிடைக்கவில்லை. கோவில் அலுவலகத்தில் அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது என்றார்கள்.

"இப்ப ஃபுர்த்தாடோ கேக்கறாரு. கொண்டாந்து கொட்டுவாங்க," என்றாள் இவோன். "அவங்க ஜெயிக்கணும், தோனா. நாம தோக்கணும். சந்தேகம் வராத மாதிரி நல்லாச் சத்தம் போட்டுத் தோக்கணும்."

"சத்தம் போட எனக்குச் சொல்லித் தரணுமா?"

"ஆனா எல உதிர்றதுக்குள்ள முடியணும். அதுக்கப்பறம் மறைமாவட்டம் வேற ஆளுக்கு வித்துடும். வாங்கறவன் இடிச்சுட்டு மருந்துக் கடை கட்டுவான். கூடத்தோட பழைய படம் மட்டும் அவங்க கைக்குக் கெடைக்கலைன்னா, அவங்களும் நம்மள மாதிரித் தோத்துடுவாங்க. அப்பறம் யாருக்கும் இல்ல."

தியோலிந்தா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, ஏதோ பேச்சுக்குக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"படத்துல இருக்கறதெல்லாம் அப்படியே நிக்கணுமா?"

"கூடத்துல இருக்கற எல்லாம். கதவு, தரை, சுவத்துல பதிச்ச கல்லு. ஒண்ணக் கழட்டினாலும் சலுகைய மொத்தமாத் திருப்பிக் கேப்பாங்க. ஏன்?"

"சும்மாதான். வண்டிய எடு."

அந்தப் படம் அவள் வீட்டில் இருந்தது.

அக்னேலோவின் தகப்பனார் நெசவாலையில் தறி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்குப் படம் எடுத்துக் கொடுப்பார். அவர் எடுத்தவை எல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் அக்னேலோவுக்கு வந்து சேர்ந்தன. சங்கம் முதலில் படம் கேட்டு அலைந்தபோதே தியோலிந்தா அவனிடம் கேட்டாள். "வேற எத வேணாலும் குடு. அந்தப் படம் இந்த வாசலத் தாண்டக் கூடாது," என்று சொல்லிவிட்டான். அதோடு அவள் விட்டுவிட்டாள். அடுத்த குளிர்காலத்தில் அவனும் போய்விட்டான்.

மறுநாள் தூங்கி எழுந்ததும் காபிகூடப் போடாமல் பெட்டியைத் திறந்தாள். படம் மேலேயே இருந்தது. வளைவு விதானம், கட்டம் போட்ட தரை, கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு, சுவரில் ஒரு சலவைக்கல். கல்லை மூடியிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக் கோட்டில் சின்னஞ்சிறு ஜில்பெர்த்தோ நின்றான். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவன் தகப்பன். ஓரத்தில் ரிப்பன் கட்டிய பெண் பிள்ளைகளின் வரிசையில் அவளும் இருந்தாள், அந்தக் கல்லைவிடப் பெரிய சங்கதி உலகத்தில் இல்லை என்கிற முகத்தோடு. கல்லில் எழுத்துகள் துலக்கமாகத் தெரிந்தன: 'இக்கூடம் ஜுவாக்கிம் ஃபுர்த்தாடோவின் கொடை.'

அந்த ஜுவாக்கிமின் வீட்டு நிலவறையில்தான் அவள் மகன் லீனோ செத்தான்.

மண்ணுக்கு மேலே இருக்கிற எந்த அறைக்கும் அவனுடைய சம்பளம் எட்டவில்லை. இருபத்தாறு வயதில் அம்மா அப்பாவோடு இருக்க வெட்கப்பட்டு, கொதிகலனுக்குப் பக்கத்தில் பலகை தடுத்த அந்த அறையை எடுத்தான். வெளியே வர வழி ஒன்றுதான். ஜன்னலுக்குத் திருடனுக்குப் பயந்து கம்பி. ஜனவரிக் குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துக்கொண்டான். அதிலிருந்து பிடித்த தீ வழியை மறித்துக்கொண்டது. அடுப்பு குடியிருந்தவனுடையது, ஆகவே குற்றமும் அவனுடையது என்று விசாரணை முடிந்தது. அடக்கத்துக்கு வந்த மலர்வளையங்களிலேயே பெரியது கிழவர் ஜுவாக்கிமுடையது. அக்னேலோ அதைத் தூக்கிக் கொண்டுபோய் நடைபாதையில் வைத்துவிட்டு வந்தான்.

பள்ளியின் சாவி சங்கத்துக்குக் கிடைக்கிற நாளில் முதல் ஆளாக உள்ளே போய், சுத்தியலும் உளியுமாக அந்தக் கல்லைப் பெயர்த்தெடுப்பேன் என்று அக்னேலோ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் சொன்னாள். அந்தக் கடைசி வாரத்தில் அவன் சிரித்தது அதற்கு மட்டும்தான். இப்போது படத்தைக் கொடுத்தால் கல் அங்கேயே நிற்கும். சட்டமே அதற்குக் காவல் இருக்கும். கொடுக்காவிட்டால் கல்லும் போகும், கட்டடமும் போகும். நாற்பது குடித்தனமும் ஃபுர்த்தாடோவின் நிலவறைகளிலேயே கிடக்கும்.

அவள் பெட்டியை மூடவும் முடியாமல் கொடுக்கவும் மனமில்லாமல் அந்த வாரத்தைக் கடத்தினாள். சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டிலிருந்து நத்தாலியா வந்தாள். கதவைத் தட்டவில்லை, குத்தினாள்.

"அண்ணி, அப்பாவோட படப்பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"நடிக்காதீங்க. செருப்புப் பெட்டி. ஜில்பெர்த்தோ கேக்கறாரு. கூடத்துப் படம் அதுலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"ஜில்பெர்த்தோ கேட்டா நீ ஓடி வருவியா? ஒன் அண்ணன் செத்துக் கெடந்தப்ப வராத கால்தான இது?"

"வந்தேன். நீங்கதான் கதவத் தெறக்கல."

"ஃபுர்த்தாடோ கையக் கோத்துக்கிட்டு வந்த. அதான் தெறக்கல."

நத்தாலியாவின் கழுத்து சிவந்தது. "அவரு காருல வந்தேன். பனி கொட்டிச்சு. நடந்து வரணுமா?"

"எதிர்வீட்டுலேர்ந்து காரா?"

"மாதாவே! இந்த வாய்க்குப் பயந்துதான் அண்ணன் அந்தச் செருப்புப் பெட்டியப் பாத்துக்கிட்டே காலத்தத் தள்ளினான். குடுங்க. அது எங்கப்பா எடுத்தது. ஒங்களுக்கு அதுல என்ன பாத்தியதை?"

"லீனோ ஒனக்கு மருமகன். அவன எரிச்ச வீட்டுக்காரன் பேரு அந்தப் படத்துல இருக்கு. அத ஊரெல்லாம் காட்டணுமா ஒனக்கு?"

"அடுப்ப வச்சது லீனோ," என்றாள் நத்தாலியா. சொன்ன பிறகு அவளுக்கே வாய் கோணியது. ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

தியோலிந்தா கதவின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்த நிமிஷம் வரைக்கும் அவள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. அடுப்பு என்ற சொல்லில்தான் முடிவு வந்தது. இந்த ஜனங்களிடம் இருந்து எதையும் நியாயம் கேட்டு வாங்க முடியாது. அவர்களுடைய பிடிவாதத்தை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

"அந்தப் பெட்டி ஒன் கைக்கு வர்றதுக்குப் பதிலா குப்பைல போடுவேன்."

"போடுங்க! ஈரம் இல்லாத நெஞ்சு, அதத்தான் செய்யும்."

"திங்கக்கிழம குப்ப வண்டி வருது. பாத்துக்கிட்டே இரு."

திங்கள் காலையில் தூறல் பிடித்தது. தியோலிந்தா பெட்டியிலிருந்து அக்னேலோ சின்னவனாக இருக்கும் ஒரு படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மற்றவற்றை மூடிக் கயிறு கட்டினாள். குப்பைத் தொட்டியை நடைபாதை ஓரத்துக்கு உருட்டிப் போய், மூடிக்கு மேலேயே பெட்டியை வைத்தாள். வீட்டு வாசல் வரை வந்தவள் நின்றாள். மழை வலுத்தால் படம் ஊறிவிடும். திரும்பிப் போய், சமையலறையில் கிடந்த ரொட்டிப் பையொன்றைப் பெட்டிக்கு மாட்டி, வாயை முடிந்துவிட்டு வந்தாள். செய்த பிறகுதான் உறைத்தது. குப்பையில் போகிற பொருளை எவள் நனையாமல் சுற்றி வைப்பாள்? ஆனால் மறுபடி வெளியே போனால் காரியம் கெட்டுவிடும்.

திரைக்குப் பின்னால் நின்றாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரவு அங்கிக்கு மேல் மழைக்கோட்டும் காலில் செத்துப்போன புருஷனின் பூட்ஸுமாக நத்தாலியா வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பூனை கருவாட்டைக் கவ்வுவது போல பெட்டியைச் சட்டென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். திரும்பி நடந்தவள் பாதித் தெருவில் நின்று, ஈரமான மேல்பக்கத்தைக் கோட்டுக் கையால் துடைத்தாள். அதை மட்டும் தியோலிந்தாவால் பார்க்க முடியவில்லை. திரையை விட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். குப்பை வண்டி வந்தது, போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

அக்னேலோவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். அவன் வாசலைத் தாண்டக் கூடாது என்றுதான் சொன்னான். அவள் தாண்ட வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் இவோன் சொன்னபடியே நடந்தது. ஊர்ப்பெண்கள் பரணிலிருந்து படங்களை இறக்கினார்கள். கோவில் அலுவலகத்தில் தொலைந்த சாவி கிடைத்தது. கட்டடத்தின் பழைய வரைபடங்கள் வெளியே வந்தன. கோடையில் நடந்த விசாரணையில் ஜில்பெர்த்தோ கூடத்துப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். கல்லைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பேட்டையோட தானதர்மத்துக்கு இதுதான் சாட்சி," என்றான். விண்ணப்பத்தில், காக்க வேண்டிய கூடத்து அங்கங்களில் அதைத்தான் முதலாவதாக எழுதியிருந்தான். தியோலிந்தா எழுந்து, வேண்டாம், இது அக்கிரமம் என்று கத்தினாள். கத்துவதற்கு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர் ஆள் உயரத்தில் நின்றது.

பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். பேட்டைக்காரர்கள் விழாக்கூடத்தில் அண்டா வைத்து, இறைச்சி வேகவைத்து, புதினா போட்ட சூப்பை ரொட்டித் துண்டுகள் மேல் ஊற்றி ஊருக்கே போட்டார்கள். எதிரிக்கும் போடுவது வழக்கம். அவள் வீட்டுக்கு மட்டும் சட்டி வரவில்லை.

இலை நிறம் மாறத் தொடங்கிய வாரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது: பள்ளி பட்டியலில் ஏறியதால் சங்கத்துக்குப் பணம் கிடைத்தது, வேலை தொடங்குகிறது. அன்று காலை தியோலிந்தா ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றாள். அவளுக்கு இரண்டு ஆள் பின்னால் நத்தாலியா நின்றாள். இருவரும் கண்ணாடிப் பெட்டியிலிருந்த ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு மணி அறுந்து விழுகிற மாதிரி அடிக்க ஜில்பெர்த்தோ உள்ளே வந்தான். கையில் பத்திரிகை.

"நீ தெரிஞ்சுதான் செஞ்ச!"

"நான் என்னத்தச் செஞ்சேன்? வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன். ஊரே கேட்டுச்சு."

"எங்கள முட்டாளாக்கிட்ட!"

"அதுக்கு நான் வேணுமா, ஜில்பெர்த்தோ? விண்ணப்பத்துல கையெழுத்து யாரோடது?"

யாரோ கொல்லென்று சிரித்துவிட்டு இருமினார்கள். ரொட்டிக்கடைக்காரி, "அடுத்தது யாரு?" என்றாள், யாரும் நகரவில்லை.

ஜில்பெர்த்தோ மூச்சு வாங்கினான். பிறகு அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எதையோ கண்டுபிடித்தவன் போலச் சிரித்தான்.

"இரு இரு. கூடத்த மாத்தக் கூடாதுல்ல? கல்லக் கழட்ட முடியாதுல்ல? அப்ப எங்கப்பா பேரு அங்கயேதான் இருக்கும். நீ கட்டினேன் கட்டினேன்னு பீத்திக்கிற வீட்டுக்கு அந்தப் பேருக்குக் கீழதான் நீ போய் வரணும். சாகற வரைக்கும்."

"தெரியும்," என்றாள் தியோலிந்தா. "தெரிஞ்சுதான் குடுத்தேன்."

நத்தாலியா ரொட்டிகளிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் உதடுகள் எதையோ கூட்டிப் பார்ப்பது போல அசைந்தன.

"ரொட்டிப் பை," என்றாள். "குப்பைக்குப் போறதுக்கு ரொட்டிப் பை சுத்தியிருந்துச்சு. நான் அப்பவே நெனச்சிருக்கணும்."

அண்ணியின் அருகில் வந்தாள். அடித்துவிடுவாள் என்று கடைக்காரிகூடப் பயந்தாள்.

"எங்கண்ணன் வேண்டாம்னு சொன்ன படம் அது. எங்கிட்டயே சொல்லியிருக்கான். அத என்னையே எடுக்க வச்சிட்டீங்க. பாவி."

தியோலிந்தா கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னுடைய முறை வந்ததும் ஒரு இனிப்பு மாஸா ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக் கதவு அவளைப் பார்த்துத் திறந்ததில்லை. அவள் உயிரோடு இருக்கும்வரை திறக்கப் போவதும் இல்லை.

வேலை ஒரு குளிர்காலத்தையும் ஒரு கோடையையும் தின்றது. கரும்பலகைகளை அப்படியே விட்டுவிட்டு அவற்றுக்கு எதிரே சமையல் மேடை கட்டினார்கள். கல்லைத் துலக்க பாஸ்டனிலிருந்து தனியாக ஒரு ஆள் வந்து, பல் துலக்கும் பிரஷ் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தான். பெயர் முன்னைவிட இப்போது நன்றாகப் பளிச்சென்றிருந்தது.

திறப்பு நாளில் ஜில்பெர்த்தோ கறுப்புக் கோட்டில் வந்தான். சங்கத்தார் அழைக்காமலே வந்தான். கல்லுக்குக் கீழே நின்று, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கைக்குட்டையால் அதைத் துடைத்தான். அவனுடைய குடித்தனக்காரர்கள் சிலர் மெத்தையும் மூட்டையுமாக அவனைக் கடந்து உள்ளே போனார்கள். வழக்கம் போல வணக்கம் சொன்னார்கள். அவன் பதிலுக்குத் தலையசைக்கவில்லை.

"படிச்சிட்டியா?" என்றான் தியோலிந்தாவைப் பார்த்து.

"மூணாம் வகுப்புலயே படிச்சது."

"வெள்ளக் கோட்டுல நான் எப்படி இருந்தேன், பாத்தியா படத்துல?"

"ஒன் வீட்டு நெலவறையில இப்ப யாரு இருக்கா?"

அவன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "காலியாத்தான் கெடக்கு. சந்தோஷமா?"

அவள் அவனை விட்டு நகர்ந்தாள். நடைவழியின் கோடி வரை போனாள். அங்கே புதிதாக ஒரு படிக்கட்டு. தீ பிடிக்காத சுவர், கனத்த இரும்புக் கதவு, குறுக்கே ஒரு கம்பி. எந்த வீட்டிலிருந்து வெளியே வந்தாலும் முன்பக்கம் ஒரு வழி, இந்தப் பக்கம் ஒரு வழி. இடுப்பால் கம்பியை இடித்தாள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து அவளை முற்றத்து வெயிலில் விட்டது. பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து அதைத் திறக்க முடியாது. அது வெளியேற மட்டும் உண்டான கதவு. உள்ளே வர அவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கே வந்தாக வேண்டும், அந்தப் பெயருக்குக் கீழே. வந்தாள்.

கூடத்தில் ஜில்பெர்த்தோ இல்லை. குவாதமாலாவிலிருந்து வந்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்ணொருத்தி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, இவரு யாரு?"

"ரூம் வாடகைக்கு விட்டவரு."

"நல்லவரா?"

தியோலிந்தா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடைவழியின் கோடியைக் காட்டினாள்.

"அந்தக் கோடியில ஒரு கதவு இருக்கு. தெறக்குதான்னு பாத்தியா?"

"இல்லியே. முன்வாசல் இருக்கேன்னு..."

"மொதல்ல போய் அதத் தெறந்து பாத்துட்டு வா. மூட்டைய அப்பறம் பிரிக்கலாம்."

அந்தப் பெண் போனாள். தியோலிந்தா கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரும்புக் கம்பி இடிபடும் சத்தம் வருகிறவரை நின்றாள்.